செப்பலினில் எது அதிகம் ‘ப்ராக்’? சண்டையை உருப்படியாகப் போடும் முறை

மார்கழியில் மயிலாப்பூர் சபாக்களில் சவுண்ட் மிக்ஸர் முன்னால் உட்காருவது என் பிழைப்பு. மற்ற மாதங்களில் சனிக்கிழமை ராத்திரி மந்தைவெளியில் ஒரு மொட்டை மாடியில், லெட் செப்பலின் என்ற இங்கிலாந்து ராக் குழுவைப் பற்றிய சண்டை. ஒரு மிருதங்கக்காரர், வங்கியில் இருந்து ஓய்வு பெற்ற ஒரு மாமா, கல்லூரியில் ட்ரம்ஸ் வாசிக்கிற ஒரு பையன், நான். அவ்வப்போது யாராவது புதிதாக வந்து மாட்டுவார்கள். கேள்வி மாறுவதே இல்லை. ஹார்ட் ராக் என்று பெயர் வாங்கிய இந்தக் குழுவின் பாட்டுகளில் ப்ராக்ரெசிவ் ராக் (சுருக்கமாக ‘ப்ராக்’, தாளமும் வடிவமும் சிக்கலாகப் போகிற ராக் வகை) பக்கம் அதிகம் சாய்ந்தது எது? இதே சண்டையை உங்கள் வீட்டு மாடியிலும் போடலாம். ஆனால் சும்மா கத்திக்கொண்டு இருந்தால் விடிந்தாலும் முடியாது.

முதல் வேலை, ப்ராக் என்றால் என்ன என்பதை எல்லாரும் ஒரே காதில் கேட்பது. விளக்கம் சொல்ல ஆரம்பித்தால் அதுவே தனிச் சண்டையாகிவிடும். பேசாமல் யெஸ் குழுவின் ‘க்ளோஸ் டு தி எட்ஜ்’ பாட்டைப் போட்டுவிடுங்கள். 1972இல் வந்தது, 18 நிமிடத்துக்கு மேல் ஓடும். அவ்வளவு நேரம் பொறுமை இல்லை என்றால், 1969இல் வந்த கிங் கிரிம்ஸனின் முதல் ஆல்பத்தில் இருந்து ஏதாவது ஒன்று. கேட்டு முடித்ததும் ஒருவருக்கொருவர் முகத்தைப் பார்த்து, “சரி, இந்தத் திசையில் செப்பலின் எவ்வளவு தூரம் போயிருக்கிறது?” என்று ஆரம்பிக்க வேண்டும்.

இரண்டாவது, ஸ்டுடியோ பதிவா மேடைப் பதிவா என்பதைப் பேசி முடித்துவிடுங்கள். இரண்டையும் கலந்தால் விவகாரம். ‘நோ குவார்ட்டர்’ பாட்டு ஆல்பத்தில் 7 நிமிடம்தான். 1977 கச்சேரிகளில், குழுவில் பேஸும் கீபோர்டும் வாசிக்கிற ஜான் பால் ஜோன்ஸ் பியானோவில் உட்கார்ந்தால் அது 20 நிமிடத்தைத் தாண்டும். மேடையை அனுமதித்தால் அது ஒன்றே எல்லாரையும் தூக்கிச் சாப்பிட்டுவிடும், பேச எதுவும் மிஞ்சாது. நாங்கள் ஸ்டுடியோ மட்டும் என்று வைத்திருக்கிறோம்.

அடுத்து ‘நீளமான பாட்டுதான் ப்ராக்’ கட்சி. இவர்களை முதல் ரவுண்டிலேயே அனுப்பிவிடலாம். செப்பலினின் ஸ்டுடியோ பாட்டுகளில் மிக நீளமானது ‘இன் மை டைம் ஆஃப் டையிங்’, 11 நிமிடம். போட்டுக் கேளுங்கள். பழைய காஸ்பல் ப்ளூஸ் பாட்டு ஒன்றை ஸ்லைடு கிட்டாரில் இழுத்து இழுத்து அடிக்கிறார்கள். பிரமாதமாகத்தான் இருக்கும், ஆனால் அதை யாரும் ப்ராக் என்று சொல்ல முடியாது.

இனி தாளம். சென்னையில் இந்தச் சண்டை போடுவதில் உள்ள சுகமே இதுதான். வெளிநாட்டு ரசிகர்கள் பேப்பரில் எழுதிக் கணக்குப் போடுகிறார்கள், நாம் தொடையில் தட்டினால் போதும். ‘தி ஓஷன்’ பாட்டின் முதல் ரிஃபைப் (திரும்பத் திரும்ப வரும் கிட்டார் துண்டு) போட்டு, வேகமான எண்ணிக்கையில் முதலில் எட்டு தட்டுங்கள், அடுத்த தடவை ஏழு. திரும்ப எட்டு, திரும்ப ஏழு. முதல் முறை தட்டுகிறவர்கள் எல்லாரும் அந்த ஏழில் ஒரு தட்டு கூடுதலாகப் போட்டு மாட்டிக்கொள்வார்கள். எங்கள் மிருதங்கக்காரர் மட்டும், ஏதோ பழகின மிஸ்ரம் (ஏழு எண்ணிக்கை) மாதிரி, டீ க்ளாஸைக் கீழே வைக்காமலே ஒற்றைக் கையில் தட்டிவிடுவார்.

‘ஃபோர் ஸ்டிக்ஸ்’ இன்னும் ருசி. ட்ரம்ஸ்காரர் ஜான் பானம் ஒரு கையில் இரண்டு குச்சி வீதம் நாலு குச்சியோடு வாசித்ததால் அந்தப் பெயர். ஐந்தும் ஆறும் கலந்து போகிற பாட்டு. ரிஃப் ஓடும்போது “தகதகிட” என்று வாயால் சொல்லிப் பார்த்தால் அந்த ஐந்து, அதாவது கண்டம், சரியாக உட்காரும். பிறகு ஆறுக்கு மாறுகிற இடத்தில் வாய் தானாக நின்றுவிடும். 1972இல் கிட்டார்காரர் பேஜும் பாடகர் பிளான்ட்டும் பம்பாய்க்கு வந்து, அங்கே உள்ள கலைஞர்களை வைத்து இதே பாட்டைப் பதிவு செய்தார்கள். அது அதிகாரபூர்வமாக வெளிவந்தது 2015இல்தான். தபலாவில் அந்த ஐந்தைக் கேட்டால், இங்கிலாந்தில் பிறந்த பாட்டு என்பதே கொஞ்ச நேரம் மறந்துபோகும்.

‘காஷ்மீர்’ பற்றி ஒரு குறிப்பு. கிட்டார் மூன்று மூன்றாகப் போகும், ட்ரம்ஸ் நாலு நாலாகப் போகும். ஒருவர் கிட்டாரோடு மூன்று தட்டட்டும், எதிரில் உட்கார்ந்தவர் பானமோடு நாலு தட்டட்டும். 12 வரும்போது இரண்டு கையும் ஒன்றாக இறங்கும். அந்த இறக்கத்தில் புதிதாக வந்தவர் “ஆஹா” என்று சொல்லாவிட்டால் அவருக்கு இன்னொரு டீ வாங்கிக் கொடுத்து மறுபடி போடுங்கள்.

ஆனால் தாளத்தை வைத்து மட்டும் தீர்ப்பு சொல்லிவிடாதீர்கள். ‘தி க்ரஞ்ச்’ ஒன்பதில் போகிறது, அசல் சங்கீர்ணம். அது ஜேம்ஸ் பிரவுன் பாணி ஃபங்க் என்கிற ஆட்ட இசையை வைத்துச் செய்த கேலி. ஆட விடாமல் காலைத் தடுக்கி விடுவதற்காகவே அந்த ஒன்பது. எண்ணிக்கை கோணலாக இருந்தால் ப்ராக் என்றால் இதுதான் ஜெயிக்க வேண்டும். ட்ரம்ஸ் பையனே ஒத்துக்கொள்ள மாட்டான்.

நீளமும் தாளமும் போதவில்லை என்றால் பாட்டின் வடிவத்தைக் கேட்க வேண்டும். கிளம்பிய இடத்தில் இருந்து எத்தனை திருப்பம் திரும்புகிறது? போன வழியை ஞாபகம் வைத்திருக்கிறதா? ஒவ்வொருவரும் தன் பாட்டுக்கு ஒரு துண்டுத் தாளில் எந்த நிமிடத்தில் என்ன மாறுகிறது என்று எழுதிக்கொண்டு வரவேண்டும் என்பது எங்கள் சட்டம். தாள் இல்லாமல் வருகிறவர் கேட்கலாம், பேசக்கூடாது.

தாள் எழுத ஆரம்பித்ததும் சில பாட்டுகள் சுருங்கிவிடும். ‘காஷ்மீர்’ அப்படித்தான். நடுவில் ஒரு பகுதி விலகிப் போகிறது, மற்றபடி ஒரே சுழற்சி. மயக்குவதற்காகச் செய்தது, நகர்வதற்காக இல்லை. மாமா இதற்கு என்மேல் இன்னும் கோபமாக இருக்கிறார். ‘ஸ்டேர்வே டு ஹெவன்’ தாளில் நன்றாக வரும்: ரெக்கார்டர் குழல், கிட்டார், நாலு நிமிடம் தாண்டித்தான் ட்ரம்ஸ், வேகம் ஏறிக்கொண்டே போய் கடைசியில் குரல் மட்டும் தனியாக. முறைப்படி பார்த்தால் பலமான வேட்பாளர். கஷ்டம் என்னவென்றால், அதை யாரும் இப்போது காது கொடுத்துக் கேட்பதில்லை, கூடவே பாடத்தான் செய்கிறார்கள். அதனால் அதை முதலில் போடாதீர்கள். ‘தி ரெயின் சாங்’ பாட்டில் வரும் மெல்லோட்ரான் என்ற பழைய கீபோர்டுக்காகப் பேசுகிறவர்கள் இருப்பார்கள். அழகுக்கு மார்க் உண்டு, இந்தப் போட்டியில் இல்லை.

‘கரோசலாம்ப்ரா’வைக் கொண்டுவருகிறவரை மரியாதையாக நடத்துங்கள். 1979 ஆல்பம், 10 நிமிடத்துக்கு மேல், மூன்று பகுதிகள், ஜோன்ஸின் சிந்தசைஸர்தான் ராஜா. காகிதத்தில் இதைவிட ப்ராக் எதுவும் இல்லை. ஆனால் சவுண்ட்காரனாக எனக்கு ஒரு வயிற்றெரிச்சல்: குரலை மிக்ஸில் அப்படிப் புதைத்து வைத்திருக்கிறார்கள். சபாவில் நான் பாடகருக்கு அப்படி வைத்தால் அடுத்த நாள் வேலை இருக்காது.

என் ஓட்டு ‘அகிலீஸ் லாஸ்ட் ஸ்டாண்ட்’. 1976 ஆல்பம், 10 நிமிடம் 25 வினாடி. ரோட்ஸ் தீவில் கார் விபத்தில் அடிபட்டு பிளான்ட் சக்கர நாற்காலியில் இருந்தபோது ம்யூனிக்கில் அவசர அவசரமாகப் பதிவு செய்தது. கீபோர்டு என்ற பேச்சே அந்த ஆல்பத்தில் கிடையாது. ப்ராக் என்றால் கீபோர்டு அடுக்குதான் என்று நினைக்கிறவர்களை மடக்க இது ஒன்றே போதும். அடுக்கு முழுவதும் பேஜின் கிட்டார்கள். ஆல்பத்துக்கான கிட்டார் அடுக்குகளை ஒரே ராத்திரியில் போட்டு முடித்ததாக அவரே சொல்லியிருக்கிறார். ஆரம்பத்தில் மெதுவாக எழுந்து வருகிற அந்த ஆர்பெஜியோவை (ஸ்வரங்களை ஒவ்வொன்றாக உதிர்க்கிற கிட்டார் வாசிப்பு) மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு குதிரை ஓட்டம், எல்லாரும் சேர்ந்து வெட்டி வெட்டி நிறுத்துகிற இடங்கள், ஸோலோ, மறுபடி ஓட்டம். கடைசியில் அதே ஆர்பெஜியோ திரும்பி வரும். பத்து நிமிட ஓட்டத்துக்கு அப்புறம் அது முதலில் கேட்ட அதே சங்கதியாகக் காதில் விழாது. நான் வடிவம் என்று சொன்னது இதைத்தான்.

இதை ஃபோன் ஸ்பீக்கரில் போட்டுவிட்டு என்னிடம் வாதத்துக்கு வராதீர்கள். ஜோன்ஸ் இதில் எட்டுத் தந்தி பேஸ் கிட்டார் வாசிக்கிறார். ஃபோனில் அது சுத்தமாகக் காணாமல் போய், ட்ரம்ஸும் கிட்டாரும் மட்டும் தடதடக்கும். ரிச்சி தெருவில் ஒரு சுமாரான ஆம்ப், ஒரு ஜோடி ஸ்பீக்கர் வாங்கினால் போதும். சுவர் ஓரம் ஒட்டி வைக்காமல் கொஞ்சம் தள்ளி வையுங்கள், மாடியில் தண்ணீர்த் தொட்டி பக்கம் வேண்டாம், அது பேஸைக் குழப்பும்.

பத்து மணிக்கு ஸ்பீக்கரை அணைத்துவிட வேண்டும். சட்டமும் அதுதான், கீழ்வீட்டு மாமியின் கணக்கும் அதுதான். அதனால் வரிசையைக் கணக்குப் பண்ணிப் போடுங்கள்: ஏழரைக்கு யெஸ், அப்புறம் தாளப் பாட்டுகள், சுண்டல், ஒன்பதுக்குள் இறுதிச் சுற்றின் இரண்டு பாட்டுகள் அடுத்தடுத்து. ஓட்டு கை தூக்கித்தான், சீட்டு எல்லாம் வேண்டாம். யார் எதற்குத் தூக்கினார்கள் என்று தெரிந்தால்தான் அடுத்த சனிக்கிழமை அவரைப் பிடிக்க முடியும். போன முறை ‘அகிலீஸ்’ஸுக்கு இரண்டு, ‘கரோசலாம்ப்ரா’வுக்கு இரண்டு. மாமா அந்தப் பக்கம் போய்விட்டார்.