மாரி முடியுமட்டும் கால் சோராமல் இருக்க: விறாந்தையில் செய்யும் பயிற்சிகள்

ஐப்பசி மழை பிடித்ததும் மட்டக்களப்பில் முதலில் நிற்பது எங்கள் நடைதான். காந்திப் பூங்காவில் வாவிக்கரையோரம் நடந்தவர்களும் கல்லடிப் பாலத்துக்குக் காற்று வாங்க வந்தவர்களும் வீட்டுக்குள் ஒதுங்கிவிடுவார்கள். எங்கள் பக்கத்தில் வருசத்து மழையில் பெரும்பங்கு ஐப்பசிக்கும் தைக்கும் இடையில்தான் கொட்டுகிறது. "மழை விடட்டும், தொடங்குவம்" என்று இருந்தால் மூன்று நாலு மாதம் கதிரையிலேயே போய்விடும்.

என் அம்மாவுக்கு அப்படித்தான் ஒரு மாரி போனது. தைப்பொங்கலன்று விடிய முற்றத்தில் கோலம் போடக் குந்தினவ, எழும்ப ஏலாமல் என் தோளைப் பிடித்துக்கொண்டா. "முழங்காலுக்க சத்தே இல்ல மகள்" என்றா. அடுத்த கிளினிக்கில் சீனியும் கூடியிருந்தது. இரண்டுக்கும் தொடர்பு உண்டு. கால் தசை வேலை செய்யும்போது இரத்தத்தில் உள்ள சீனியை எடுத்து எரிக்கிறது. வேலை இல்லாவிட்டால் தசை மெலியும், சீனி தேங்கும். அதற்கடுத்த மாரியில் அம்மாவோடு சேர்ந்து நான் செய்ததைத்தான் கீழே எழுதுகிறேன். இதுவரை பயிற்சி என்று எதுவுமே செய்யாதவர்களும் தொடங்கலாம்.

முதலில் இடம்

விறாந்தையில் இரண்டு பாய் அகலத்துக்கு ஓர் இடத்தை ஒதுக்குங்கள். சாரல் அடிக்கும் பக்கம் வேண்டாம். ஈரச் சீமெந்தில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் மாரி மட்டுமில்லை, மிச்சக் காலமும் படுக்கையாகிவிடலாம். கால் துடைக்கும் ஈரத்துணி, பிள்ளைகளின் சைக்கிள், மழைக்கு உள்ளே எடுத்த விறகு எல்லாவற்றையும் அப்புறப்படுத்துங்கள். தேய்ந்த செருப்போடு செய்வதைவிட, காய்ந்த தரையில் வெறுங்காலோடு செய்வது நல்லது. சீனி வருத்தத்தால் பாதம் விறைத்தவர்கள் மட்டும் பிடிமானமுள்ள சப்பாத்துப் போடுங்கள்.

உடம்பைச் சூடாக்குங்கள்

நின்ற இடத்திலேயே மூன்று நிமிசம் கால் மாற்றி நடங்கள். தோளை முன்னும் பின்னும் உருட்டுங்கள். தூணைப் பிடித்துக்கொண்டு குதிக்காலைப் பத்துத் தரம் உயர்த்தி இறக்குங்கள். மழைக்குளிரில் விடியற்காலை மூட்டுகள் இறுகியிருக்கும். இதை விட்டுவிட்டு நேரே அடுத்ததற்குப் போகவேண்டாம்.

கதிரையில் இருந்து எழும்புதல்

இந்தப் பதிவில் ஒன்றை மட்டும் செய்வேன் என்பவர்கள் இதைச் செய்யுங்கள்.

கதிரையைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். பிளாஸ்ரிக் கதிரை பின்னுக்கு வழுக்கும், சுவர்தான் அதைப் பிடிக்கும். முதல் மூன்று கிழமையும் இருக்கையில் தடித்த தலையணை ஒன்றை வையுங்கள். உயரம் கூடினால் முழங்காலுக்குப் பாரம் குறையும். கதிரையின் முன்விளிம்புக்கு வந்து இருங்கள். பாதங்களை இடுப்பளவு அகட்டி, குதிக்கால் முழங்காலுக்குச் சற்றுப் பின்னால் இருக்கும்படி இழுத்துக்கொள்ளுங்கள். மூக்கு கால்விரலுக்கு நேரே வரும்வரை முன்னுக்குச் சாய்ந்து, மூச்சை விட்டபடி எழும்புங்கள். அம்மா சாயாமலே எழும்பப் பார்த்தா, அதனால்தான் ஒவ்வொரு தரமும் பின்னுக்கு விழுந்தா. சாயப் பழகினதும் அன்றைக்கே இரண்டு தரம் கை ஊன்றாமல் எழும்பினா.

இருக்கும்போது அவசரம் வேண்டாம். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணி முடியும்போதுதான் இருக்கையைத் தொடவேண்டும். தொப்பென்று விழுந்தால் கதிரை கீச்சிடும். அந்தச் சத்தம் கேட்டால் அந்தத் தரத்தை எண்ணிக்கையில் சேர்க்காதீர்கள். மெதுவாக இறங்கும்போதும் தொடைத் தசை பாடுபடுகிறது. எங்கள் கூத்துக்காரர் விடிய விடிய ஆடியும் களைக்காததற்கு, முழங்காலை மடித்து எழும்பும் அந்த அடிகள்தான் காரணம் என்று நான் நம்புகிறேன்.

முதல் கிழமை ஐந்து தரம். பிறகு எட்டு, பத்து. பத்து லேசானதும் சற்று ஆறி இன்னொரு பத்து. கிழமைக்கு மூன்று நாள் போதும். முழங்காலில் குத்துகிற மாதிரி நோ வந்தால் தலையணையை இரண்டாக்குங்கள்.

கைக்கு

சுவருக்கு ஒரு முழம் தள்ளி நின்று, உள்ளங்கையைச் சுவரில் ஊன்றி, முழங்கையை மடித்துப் போய் வாருங்கள், எட்டுத் தரம். பிறகு 1.5 லீற்றர் போத்தல் இரண்டில் தண்ணி நிரப்பினால் கைக்கு ஒன்றரைக் கிலோ பாரம் கிடைக்கும். தோள்வரை மடக்கி இறக்குங்கள். வேறொன்றும் வாங்கத் தேவையில்லை.

சாப்பிட்டபின் விறாந்தை நடை

எங்கள் விறாந்தை 6 மீற்றர் நீளம். போய் வந்தால் 12. நாற்பது தரம் போய் வந்தால் 480 மீற்றர், ஏறக்குறையப் பத்து நிமிசம். மூன்று வேளையும் சாப்பிட்டபின் பத்துப் பத்து நிமிசம், கிழமைக்கு ஐந்து நாள் நடந்தால் 150 நிமிசம் ஆகிறது. வளர்ந்தவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் ஆகக்குறைந்த அளவும் அதுதான். கதைக்க முடியவேண்டும், பாட முடியக்கூடாது, அந்த வேகம் வேண்டும். ஒரே பக்கம் கிறுகினால் தலை சுற்றும். ஒருக்கா இடப்பக்கம், மறுகா வலப்பக்கம். சீனிக்கு மருந்து எடுப்பவர்கள் வெறுவயிற்றில் செய்யவேண்டாம்.

மழை விட்டால்

வெளிச்சம் கண்டால் வெளியே போங்கள், ஆனால் நேரம் பார்த்துப் போங்கள். ஐப்பசி, கார்த்திகையில் இடிமின்னல் பெரும்பாலும் பின்னேரத்தில்தான். அந்த மாதங்களில் காலை நடையே நல்லது. இடி கேட்டால் வீட்டுக்குள் வந்துவிடுங்கள், கடைசி இடி கேட்டு 30 நிமிசம் போனபின்தான் வெளியே இறங்கவேண்டும். மார்கழியில் கடல் கொந்தளிக்கும்போது கல்லடிக் கரையில் அலைக்குக் கிட்ட நடக்காதீர்கள்.

தேங்கிய வெள்ளத்தில் நடப்பதைப் பயிற்சியாக எடுக்கவே கூடாது. எலியின் சிறுநீர் கலந்த தண்ணி, காலில் உள்ள சின்னக் கீறலுக்குள்ளாலும் போய் எலிக்காய்ச்சலைத் தரும். இறங்கியே ஆகவேண்டும் என்றால் காயத்தை மூடி, சப்பாத்துப் போட்டு இறங்குங்கள். வந்ததும் சவர்க்காரம் போட்டுக் கழுவி, விரலிடுக்கைத் துடையுங்கள். வாவிக்கு மேற்கே படுவான்கரையில் வயலுக்குள் நிற்பவர்களுக்கு உடலுழைப்பு போதியளவு உண்டு. அவர்களுக்குத் தேவை எலிக்காய்ச்சலுக்கான தடுப்பு மருந்து. அதைப் பற்றி உங்கள் பகுதிச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேளுங்கள்.

சனிக்கிழமை வளவு வேலை

கிழமைக்கு ஒருக்கா வளவைச் சுற்றி வந்து சிரட்டை, பூச்சாடித் தட்டு, பழைய ரயர் எல்லாவற்றிலும் உள்ள தண்ணியைக் கவிழ்த்துவிடுங்கள். டெங்கு நுளம்பு முட்டையில் இருந்து பறக்கும் நிலைக்கு வர ஏறக்குறைய ஒரு கிழமை எடுக்கும், அதனால்தான் கிழமைக் கணக்கு. குனிந்து நிமிர்ந்து அரை மணித்தியாலம் வேலை செய்தால் அதுவும் பயிற்சிதான். இடுப்பை வளைக்காமல் முழங்காலை மடித்துக் குனியுங்கள்.

நிறுத்தவேண்டிய நேரம்

நெஞ்சு இறுகினால், மூச்சு முட்டினால், தலை சுற்றினால் உடனே இருங்கள். இருந்தும் குறையாவிட்டால் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். காய்ச்சல் என்றால் பயிற்சி எதுவும் வேண்டாம். இந்தக் காலத்துக் காய்ச்சல் டெங்குவாக இருக்கலாம். பரசிற்றமோலைத் தவிர வேறு நோ மாத்திரை போடாமல் வைத்தியரிடம் காட்டுங்கள். முற்றாகச் சுகமானபின் முதல் கிழமை அளவில் இருந்து திரும்பத் தொடங்குங்கள்.

குளிருக்குத் தாகம் தெரியாது, தண்ணி குடிக்க மறந்துவிடும். இஞ்சி தட்டிப்போட்ட மல்லித்தண்ணி நல்லது. மழைக்குச் சூடாகப் பிளேன்டீ கேட்கும், சீனியைத்தான் குறைக்கவேண்டும்.

நாலாம் கிழமை தலையணையை எடுத்துவிட்டு எழும்பிப் பாருங்கள். அம்மாவுக்கு ஆறாம் கிழமைதான் சரிவந்தது. இப்போது கையை நெஞ்சில் கட்டிக்கொண்டு எட்டுத் தரம் எழும்புறா. ஒன்பதாவதில் கதிரை கீச்சிடுகிறது, அதை நாங்கள் எண்ணுவதில்லை.