கயிறும் கத்தரிக்கோலும்: விருந்தில் செய்து காட்ட மூன்று எளிய வித்தைகள்

முதலில் கயிறு. வித்தையைக் கற்றுக்கொள்கிறவர்கள் பலர் வீட்டில் கிடக்கும் ஏதாவது ஒரு கயிற்றை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். நைலான் கயிறு வேண்டாம். அது வழுக்கும், மடித்தால் உடனே நிமிர்ந்துகொள்ளும். சணல் கயிறு விறைப்பாக இருக்கும், வெட்டினால் பிசிறு பிசிறாகக் கொட்டும். பின்னிய பருத்திக் கயிறுதான் சரி. 8 முதல் 10 மி.மீ. தடிமன் இருந்தால் கூடத்தின் கடைசியில் நிற்பவருக்கும் தெரியும். வெள்ளைக் கயிறும் அடர்நிறச் சட்டையும் நல்ல இணை.

பின்னிய கயிறு பலவற்றுக்குள் தனியாக ஒரு நூல் திரி ஓடும். ஒரு முனையை வெட்டித் திரியைப் பிடித்துக்கொண்டு, வெளி உறையைச் சுருக்கிச் சுருக்கித் தள்ளுங்கள். திரி முழுவதும் உருவி வந்துவிடும். திரி போன கயிறு துவண்டு தொங்கும், மடித்தபடி நிற்கும், கத்தரிக்கோலுக்கு ஒரே வெட்டில் பணியும். இந்த ஒரு வேலையைச் செய்தாலே பாதி வித்தை கைக்கு வந்த மாதிரி.

சூடு பிடிக்க ஒரு சவால்

ஒன்றரை மீட்டர் கயிற்றை மேசையில் நீளமாகப் போடுங்கள். "இரண்டு கைகளாலும் இரண்டு முனைகளைப் பிடித்துக்கொண்டு, கையை விடாமல் நடுவில் ஒரு முடிச்சுப் போட முடியுமா?" என்று கேளுங்கள். ஆளாளுக்கு முயன்று பார்க்கட்டும். பிறகு நீங்கள் முதலில் கைகளைக் கட்டிக்கொள்ளுங்கள். ஒரு கை மற்றதன் மேலே, இன்னொரு கை அக்குளுக்கு அடியில். அப்படியே குனிந்து கைக்கொரு முனையாகப் பிடித்து, கைகளைப் பிரித்தால் முடிச்சு விழுந்துவிடும். முடிச்சு உங்கள் கைகளில் ஏற்கெனவே இருந்தது, அது கயிற்றுக்கு மாறுகிறது, அவ்வளவுதான். இதில் ரகசியம் காக்க வேண்டியது எதுவும் இல்லை, குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுத்துவிடுங்கள்.

வெட்டி ஒட்டும் கயிறு

இதுதான் முக்கியமான வித்தை. மிகப் பழையது. 1584-இல் இங்கிலாந்தில் ரெஜினால்ட் ஸ்காட் என்பவர், இவை சூனியம் அல்ல, வெறும் கைத்திறன் என்று காட்டுவதற்காக எழுதிய புத்தகத்திலேயே நாடாவை நடுவில் வெட்டி முழுதாக்கும் முறை இருக்கிறது. இன்றும் அது வேலை செய்வதற்குக் காரணம் எளிது: பார்ப்பவர்கள் நடுப்பகுதி வெட்டப்படுவதைக் கண்ணால் கண்டதாக நம்புகிறார்கள். உண்மையில் வெட்டுப்படுவது முனைக்குப் பக்கத்தில்.

இரண்டு மீட்டர் கயிறு எடுங்கள். ஒவ்வொரு முறையும் 15 செ.மீ. போலக் குறையும்.

1. இடது உள்ளங்கை உங்களைப் பார்த்திருக்க, இரண்டு முனைகளையும் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிடியுங்கள். ஐந்து செ.மீ. மேலே நீட்டிக்கொண்டிருக்கட்டும். வலது கைப் பக்கம் இருக்கும் முனையை 'அ' என்றும் மற்றதை 'ஆ' என்றும் வைத்துக்கொள்வோம்.

2. கீழே தொங்கும் நடு மடிப்புக்குள் வலது கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் நுழைத்து மேலே தூக்குங்கள். மடிப்பு அந்த இரண்டு விரல்களின் மேலேயே தொங்க வேண்டும். விரல் நுனிகளால் மடிப்பைப் பிடிக்கக் கூடாது, அவை காலியாக இருக்கட்டும்.

3. எதிரில் இருப்பவர் பார்வையில் வலது கை இடது கைக்குப் பின்னால் மறையும் நொடியில், காலியாக இருக்கும் விரல் நுனிகளால் 'அ' முனைக்குக் கீழே உள்ள கயிற்றைக் கிள்ளி மேலே இழுங்கள். உண்மையான நடு மடிப்பு விரல்களிலிருந்து நழுவி, நீங்கள் இழுக்கும் கயிற்றின் மேல் மாட்டிக்கொள்ளும். இரண்டும் கோத்துக்கொண்ட இடத்தை இடது கட்டைவிரல் உடனே அழுத்தி மறைக்க வேண்டும்.

இந்த மூன்றாவது படியில்தான் எனக்கு அதிக நேரம் போனது, ஆகவே கொஞ்சம் நின்று சொல்கிறேன். எதிரில் இருப்பவர் கண்ணுக்கு ஒரு மடிப்பு கீழிருந்து மேலே வந்து, கட்டைவிரலுக்கு மேல் நிற்கிறது. நடுவில் ஆள் மாறியது தெரியாது. ஆனால் கயிற்றை நடு மடிப்பின் உள்வழியாக இழுக்காமல் வெளிப்பக்கமாக இழுத்தால் இரண்டும் கோத்துக்கொள்ளாது. அப்போது வெட்டியதும் துண்டு தனியாகவும் நீளக் கயிறு தனியாகவும் பிரிந்துவிடும். இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி: ஒத்திகையின்போது கயிற்றின் சரியான நடுவில் ஒரு சிவப்பு நூலைக் கட்டிவிடுங்கள். மேலே நிற்கும் மடிப்பில் சிவப்பு தெரிந்தால் தவறு. சிவப்பு நூல் கட்டைவிரலுக்கு அடியில், 'அ' கயிற்றின் மேல் தொங்கிக்கொண்டிருந்தால் சரி. கத்தரிக்கோலைத் தொடாமல், இழுப்பது, பார்ப்பது, அவிழ்ப்பது என்று பழகுங்கள். கண்ணாடி முன்னால் அல்ல, சுவரைப் பார்த்துப் பழகுங்கள். கண்ணாடி கையைப் பார்க்கும் பழக்கத்தை உண்டாக்கிவிடும். அந்த நொடியில் உங்கள் கண் எதிரில் இருப்பவர் முகத்தில் இருக்க வேண்டும். வேகமும் வேண்டாம். திடீரென்று கை விரைந்தால் எல்லோரும் அங்கேதான் பார்ப்பார்கள்.

4. மேலே நிற்கும் மடிப்பை வெட்டுங்கள். பார்வையாளரையே வெட்டச் சொல்வது இன்னும் நல்லது. இப்போது நான்கு முனைகள். 'அ'-வையும் அதை ஒட்டிய வெட்டு முனையையும் பிடித்துக்கொண்டு மற்ற இரண்டையும் கீழே விடுங்கள். இரண்டு தனிக் கயிறுகள் தொங்குவது போல இருக்கும்.

5. கையில் உள்ள சிறு துண்டை நீளக் கயிற்றைச் சுற்றி முடிச்சிடுங்கள். இப்போது கட்டைவிரலை எடுக்கலாம். நடுவில் முடிச்சுப் போட்ட கயிறாகத் தெரியும்.

6. ஒரு முனையை இடது கையில் பிடித்து, வலது கையால் கயிற்றை இடது கையைச் சுற்றிச் சுற்றுங்கள். முடிச்சு வலது கைக்குள் வந்ததும் அதைக் கையோடு வழுக்கிக்கொண்டே போய் மறு முனை வழியாகக் கழற்றிவிடுங்கள். ஒரு நாணயம் எடுக்கப் போவது போல வலது கையைப் பைக்குள் விட்டு, முடிச்சை அங்கேயே போட்டுவிட்டு நாணயத்தோடு வெளியே வாருங்கள். நாணயத்தால் ஒரு தட்டு. கயிற்றைப் பிரித்துக் காட்டுங்கள்.

முடிச்சைக் கத்தரித்து உதிர்ப்பவர்களும் உண்டு. எனக்கு அது பிடிக்காது. துண்டுகள் தரையில் கிடக்கும், யாராவது எடுத்துப் பார்ப்பார்கள்.

மோதிரம் விடுபடுதல்

இரண்டு கயிறுகளைச் சேர்த்துவைத்து, அவற்றின் நடுவில் அதே நிற மெல்லிய தையல் நூலால் ஒரே ஒரு சுற்றுக் கட்டுங்கள். கட்டு இருக்கும் இடத்தைக் கைக்குள் மறைத்து, ஒரு கயிற்றின் இரு முனைகளையும் இடப்பக்கமும் மற்றதன் இரு முனைகளையும் வலப்பக்கமும் மடித்துவிடுங்கள். யாரிடமாவது மோதிரம் வாங்கி அந்த இணைப்பின் மேல் நகர்த்துங்கள். பக்கத்துக்கு ஒரு முனை எடுத்து, மோதிரத்தின் மேல் ஒற்றை முடிச்சுப் போட்டு, முனைகளைப் பக்கம் மாற்றி இரண்டு பேரிடம் கொடுங்கள். இழுக்கச் சொன்னால் நூல் அறுந்து மோதிரம் உங்கள் கையில் விழும், கயிறுகள் நேராக நிற்கும். மோதிரம் சிறிதாக இருந்தால் இந்தத் தடித்த கயிறு நுழையாது. மெல்லிய கயிறு அல்லது வளையல் எடுத்துக்கொள்ளுங்கள்.

பின்சேர்க்கை

படித்தவர்கள் இரண்டு சிக்கல்களைச் சொன்னார்கள். ஒருவர் கயிற்று முனை பிரியாமலிருக்க டேப் சுற்றியிருந்தார். வெட்டும் வித்தையில் அது காட்டிக்கொடுத்துவிடும்: வெட்டியபின் கையில் ஒரு டேப் முனை, கீழே தொங்குவதில் ஒரு டேப் முனை என்று பிரிந்துவிடும். டேப் வேண்டாம், இரண்டு முனைகளையும் நிகழ்ச்சிக்கு முன் புதிதாகக் கத்தரித்துவிடுங்கள். இன்னொருவருக்கு மோதிர வித்தையில் நூல் அறவில்லை. அவர் நூலை இரட்டையாக்கி இறுக்கியிருந்தார். ஒற்றை நூல், ஒரு சுற்று, அதற்கு மேல் வேண்டாம். இடது கைப் பழக்கம் உள்ளவர்கள் எல்லாவற்றையும் கை மாற்றிச் செய்யலாம், ஒன்றும் கெடாது.