அரக்கு இசைத்தட்டுக்கு எந்த ஊசி?

சேலத்துப் பழைய வீடுகளின் பரண்களிலும் ஏற்காட்டுத் தோட்டத்து பங்களாக்களிலும் கிடைக்கும் கனத்த, கைதவறினால் உடைந்துவிடும் இசைத்தட்டுகள் அரக்கையும் கல்பொடியையும் சேர்த்து அழுத்தியவை. நிமிடத்துக்கு 78 சுற்று சுழல்பவை. இவற்றை எல்.பி. எனப்படும் பிற்கால வினைல் தட்டுக்கான ஊசியில் ஒருபோதும் போடக் கூடாது. அந்த ஊசியின் முனை ஆரம் பெரும்பாலும் 18 முதல் 25 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வரைதான். 78 தட்டில் ஒலி பதிந்திருக்கும் அகன்ற பள்ளத்தில் அது சுவர்களைச் சரியாகப் பற்றாமல் அடிவரை இறங்கி, அங்கே படிந்த தூசியை உரசி, பாட்டைவிட இரைச்சலையே அதிகமாக எழுப்பும்.

முதல் ஊசியாக 75 மைக்ரான், அதாவது அட்டைப்பெட்டியில் ‘3 மில்’ என்று குறித்திருக்கும் உருண்டை முனை வைர ஊசியை வாங்கலாம். நீலக்கல் ஊசி மலிவுதான். ஆனால் கல்பொடி கலந்த தட்டில் விரைவில் தேய்ந்து, தட்டையும் கெடுக்கும். ஆடியோ-டெக்னிகாவின் வி.எம்.95 வரிசை கார்ட்ரிட்ஜ் (ஊசியைத் தாங்கும் சிறு பெட்டி) ஏற்கெனவே இருந்தால், அதில் 78 தட்டுக்கான எஸ்.பி. ஊசியை மட்டும் மாற்றிச் செருகினால் போதும். எல்.பி. ஊசிக்கு ஏறக்குறைய 2 கிராம் அழுத்தம் வைத்த இடத்தில் இதற்கு 5 கிராம் வைக்க வேண்டும் என்பதால், எடையைத் திருத்த வழியில்லாத பெட்டி பிளேயர்களுக்கு இது பொருந்தாது.

இனி, தட்டைப் பார்க்க வேண்டும். டி.ஆர்.சுந்தரம் 1935இல் சேலத்தில் தொடங்கிய படநிறுவனமான மாடர்ன் தியேட்டர்ஸின் 1950ஐ ஒட்டிய படப்பாட்டுத் தட்டுகளுக்கு 65 மைக்ரான் முனை பல வேளைகளில் நன்றாகப் பொருந்தும். ஆர்ட்டோஃபோன் 2எம் 78 கார்ட்ரிட்ஜின் ஊசி அந்த அளவுதான். மைக் புழக்கத்துக்கு வருமுன், 1925க்கு முன்பு, குழாயில் பாடிப் பதித்த தட்டுகளுக்கு 75 மைக்ரானோ அதைவிடப் பருத்த முனையோ தேவைப்படலாம். ஆனாலும் ஆண்டைவிடத் தேய்மானமே பெரிய அளவுகோல் என்பேன். கைச்சாவி கிராமபோனில் ஊசியைத் தாங்கும் ஒலிப்பெட்டி நூறு கிராமுக்கும் மேற்பட்ட எடையோடு எஃகு ஊசியை அழுத்தியதால், பள்ளச் சுவரில் ஒரு குறிப்பிட்ட உயரம் மட்டும் தேய்ந்திருக்கும். சற்றுச் சிறிய முனை அதற்குக் கீழும், பருத்த முனை அதற்கு மேலும் தேயாத சுவரைத் தொடும். ஆகவே இரு அளவுகளையும் போட்டு, தட்டின் உட்புறத்தை நெருங்கும்போது பாடகர் மேல்ஸ்தாயியில் எந்த ஊசியில் கரகரக்காமல் ஒலிக்கிறார் என்று கேட்டு முடிவு செய்யுங்கள். வெறும் ‘உஸ்’ ஓசையை வைத்து முடிவு செய்வது தவறு. அது எந்த ஊசியிலும் ஓரளவு இருக்கும். முனை நுனி மழுங்கச் சீவப்பட்ட ஊசி கிடைத்தால், அடியில் இடிக்காது என்பதால் அதுவே மேல்.

இந்தச் சோதனைக்கு முன் தட்டைக் கழுவுவது அவசியம். மலையின் ஈரத்தில் பூஞ்சை பிடித்த தட்டில் எந்த ஊசியும் நன்றாகப் பாடாது. ஸ்பிரிட் அரக்கைக் கரைத்துவிடும். சோப்பு நீர் சில துளிகளால், நடுத்தாள் நனையாமல் துடைத்து உடனே உலர்த்துங்கள். ஆம்ப்ளிஃபயரில், இரு பக்க ஒலியையும் ஒன்றாக்கும் மோனோ பொத்தான் இருந்தால் அழுத்துங்கள். ஊசி மேலும் கீழும் குதிப்பதால் எழும் இரைச்சல் பெருமளவு அடங்கும்.

கைச்சாவி கிராமபோனில் போடுவதானால் எஃகு ஊசி மட்டுமே, அதுவும் ஒரு பக்கத்துக்கு ஓர் ஊசி. அலங்காரத்துக்கென இப்போது செய்து விற்கும் பித்தளைக் குழல் பெட்டிகளில் நல்ல தட்டு எதையும் வைக்காதீர்கள்.