பின்லாந்துப் பல்கலைக்கழகத்தில் வேலையா? உடம்புக்கு முடியாமல் போவதற்கு முன்பே படியுங்கள்

வந்திறங்கிய முதல் மாதம் வங்கிக் கணக்கு, வீட்டு ஒப்பந்தம், குளிர் ஜாக்கெட் என்று அலைவதிலேயே போய்விடும். காய்ச்சல் வந்தால் எங்கே போவது என்ற யோசனை காய்ச்சல் வந்த பிறகுதான் வரும். ஊரில் தெருமுனை கிளினிக்கில் டோக்கன் வாங்கி உட்கார்ந்தால் போதும். இங்கே அப்படி நேராகப் போய் நிற்க முடியாது.

வேலையில் இருப்பவர்களுக்குத் தனி வழி உண்டு. ‘த்யோதெர்வேய்ஸ்’ என்பார்கள், பணியாளர் மருத்துவ சேவை. 2001-ல் வந்த சட்டப்படி, ஒரே ஒருவரை வேலைக்கு வைத்திருந்தாலும் முதலாளி இதை ஏற்பாடு செய்தாக வேண்டும். ஆனால் கட்டாயம் என்பது வேலையால் உடம்பு கெடாமல் தடுக்கும் பகுதிக்கு மட்டும்தான்; சளி, காய்ச்சலுக்கு வைத்தியம் பார்ப்பது முதலாளியின் விருப்பம். பல்கலைக்கழகங்கள் பொதுவாக அதையும் சேர்த்தே தருகின்றன. எந்த நிறுவனத்தோடு ஒப்பந்தம், என்னென்ன அடங்கும் என்பதெல்லாம் ஊழியர்களுக்கான உள் இணையதளத்தில் இருக்கும். அந்தப் போன் எண்ணை இன்றைக்கே சேமித்து வையுங்கள். ஒப்பந்தத்துக்குள் வரும் சிகிச்சைக்கு நீங்கள் காசு கொடுக்க வேண்டியதில்லை.

இதில் பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. உங்கள் கையில் இருப்பது வேலை ஒப்பந்தமா, உதவித்தொகைக் கடிதமா? ஒரே அறையில் பக்கத்துப் பக்கத்து மேசையில் இருவர் ஆராய்ச்சி செய்வார்கள். சம்பளக்காரருக்கு இந்த சேவை உண்டு, உதவித்தொகையில் இருப்பவருக்குத் தானாகக் கிடைக்காது. சேருவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். மனைவி, கணவர், பிள்ளைகளும் இதில் வரமாட்டார்கள். அவர்களுக்கு அரசு சுகாதார நிலையம்தான். பல் வைத்தியமும் பெரும்பாலும் கிடையாது.

அப்புறம் டாக்டர். தொண்டை வலி என்று போனால் ஊசி கிடைக்காது, ஆன்டிபயாடிக்கும் லேசில் எழுத மாட்டார்கள். “புரானா போடுங்கள், ஓய்வெடுங்கள்” என்று அனுப்பிவிடுவார்கள். புரானா என்பது நம் ஊர் இபுபுரூஃபன்தான். எனக்கும் முதலில் எரிச்சலாகத்தான் இருந்தது. மூன்றாம் நாள் தானாகவே சரியானது.

உண்மையில் இந்த சேவையின் பலம் மாத்திரையில் இல்லை. கழுத்து வலி என்று சொல்லிப் பாருங்கள். பிசியோதெரபிஸ்ட் மேசையையும் நாற்காலியையும் பார்த்து உயரம் மாற்றச் சொல்வார். திரையைப் பார்க்கச் சாதாரணக் கண்ணாடி போதாமல் தனிக் கண்ணாடி தேவைப்பட்டால், அது முதலாளி செலவு. லேபில் அபாயமான ரசாயனங்களோடு வேலை என்றால் தொடக்கத்திலேயே உடல் பரிசோதனை உண்டு, தள்ளிப்போடாதீர்கள். கர்ப்பமாக இருந்தால் சீக்கிரம் சொல்லுங்கள்: ஆபத்தில்லாத வேலைக்கு மாற்ற வேண்டும், மாற்ற வழியில்லை என்றால் கேலா எனும் அரசு காப்பீட்டு அமைப்பு தனித் தொகை தரும். மனச்சோர்வு, மேலாளரோடு உரசல் இவற்றுக்கும் இங்கேதான் போக வேண்டும். அங்கே பேசியதை உங்கள் பேராசிரியரிடம் போய்ச் சொல்ல அவர்களுக்கு உரிமை இல்லை. நம்மவர்கள் இதற்கு மட்டும் போகவே தயங்குகிறோம்.

இன்னொன்று, பனிக்கட்டி. முதல் டிசம்பரில் ஒருநாள் காலை வேலைக்குக் கிளம்பி, பஸ் நிறுத்தத்துக்கு நாலடி இருக்கும்போது வழுக்கி, மணிக்கட்டை ஊன்றி விழுந்தேன். வெட்கத்தில் யாரிடமும் சொல்லாமல், வீங்கிய கையோடு இரண்டு நாள் தட்டச்சு செய்தேன். பிறகுதான் உடன் வேலை பார்ப்பவர் சொன்னார்: வீட்டிலிருந்து வேலைக்குப் போகிற வழியில் விழுந்தாலும் பணிவிபத்துக் காப்பீடு செல்லும். மேலாளரிடம் உடனே சொல்லி, காப்பீட்டுச் சான்றை வாங்கிக்கொண்டு டாக்டரிடம் போனால் சிகிச்சைச் செலவு காப்பீட்டு நிறுவனத்தின் தலையில். விழுந்த இடத்தையும் நேரத்தையும் அன்றைக்கே குறித்து வையுங்கள், கேட்பார்கள்.

உடம்பு சரியில்லை என்றால் முதல் நாள் காலையிலேயே மேலாளருக்குத் தகவல் போக வேண்டும். எத்தனை நாள் வரை சான்றிதழ் இல்லாமல் விடுப்பு என்பது இடத்துக்கு இடம் மாறும், கேட்டுக்கொள்ளுங்கள்.

இரவிலும் வார இறுதியிலும் இந்த சேவையை நம்பி இருக்காதீர்கள். அப்போது அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கிளம்பும் முன் 116117-க்குப் போன் செய்து கேளுங்கள். உயிருக்கு ஆபத்து என்றால் யோசிக்காமல் 112.