முதல் மினியேச்சர் டோர்னமென்ட்டுக்குக் கிளம்புகிறீர்களா?

சின்னச் சின்னப் பொம்மைகளைப் படையாக மேசையில் நிறுத்தி, அங்குலக் கணக்கில் நகர்த்தி, பகடை உருட்டி ஆடுகிற போர் விளையாட்டைப் பற்றித்தான் பேசுகிறேன். என் முதல் டோர்னமென்ட்டில் முதல் ஆட்டம் மூன்றாவது ரவுண்டின் நடுவிலேயே நேரம் முடிந்து நின்றுவிட்டது. என் திட்டமோ நான்காவது, ஐந்தாவது ரவுண்டில் போய்ப் புள்ளியை அள்ளுவது. எதிரே நின்றவர் என்னை விடப் பெரிய ஆட்டக்காரர் ஒன்றும் இல்லை, ஆனால் அவர் முதல் இரண்டு ரவுண்டிலேயே தனக்கு வேண்டியதை எடுத்து வைத்திருந்தார். வீட்டில் நண்பனோடு ஞாயிறு முழுக்க ஆடிப் பழகிய நமக்குக் கடிகாரம் என்று ஒன்று இருப்பதே தெரியாது, அங்கே போனால் அதுதான் முதல் எதிரி.

இந்த வகையில் ஒன்றான ஏஜ் ஆஃப் சிக்மாரை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன்: 2000 பாயிண்ட் படை (ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு பாயிண்ட் விலை உண்டு), 60-க்கு 44 அங்குல மேசை, ஐந்து ரவுண்டு, ஒவ்வொரு ரவுண்டிலும் ஆளுக்கு ஒரு டர்ன். நீங்கள் ஓல்டு வேர்ல்டோ கிங்ஸ் ஆஃப் வாரோ ஆடினால் படை அணிவகுத்து நிற்கும், விதிகள் வேறு, ஆனால் போட்டிக்குத் தயாராகிற விஷயத்தில் பெரிய வித்தியாசம் இல்லை.

நடத்துகிறவர்கள் அனுப்பும் பிளேயர் பேக்கை, அதாவது போட்டி விவரக் குறிப்பை, முதலில் முழுசாகப் படியுங்கள். எந்தத் தேதி வரை வந்த விதித் திருத்தம் செல்லும், லிஸ்ட்டை (உங்கள் படையில் யார் யார் என்ற பட்டியல்) எப்போதுக்குள் அனுப்ப வேண்டும், பொம்மை கையில் என்ன ஆயுதம் வைத்திருக்கிறதோ அதையேதான் லிஸ்ட்டிலும் காட்ட வேண்டுமா, பேஸ் (பொம்மை நிற்கும் அடித்தட்டு) அளவு என்ன, எந்தெந்த மிஷன்கள் (ஆட்டத்தில் எதற்குப் புள்ளி என்ற வரையறை) என்று எல்லாமே அதில் இருக்கும். முக்கியமாக, வெற்றிக்குப் புள்ளி எப்படிக் கணக்கு என்று பாருங்கள். சில இடங்களில் ஜெயித்தால் போதும், சில இடங்களில் எவ்வளவு வித்தியாசத்தில் ஜெயித்தீர்கள் என்பதும் சேரும். பின்னது என்றால் தோற்கும் ஆட்டத்திலும் கடைசி வரை ஒவ்வொரு புள்ளியாகப் பிடுங்க வேண்டும், கையைத் தூக்கிவிடக் கூடாது. ஜோடி சேர்ப்பது பெரும்பாலும் ஸ்விஸ் முறையில்தான். முதல் ஆட்டத்தில் தோற்றால் வெளியே போக மாட்டீர்கள், உங்களைப் போலவே தோற்ற இன்னொருவர் அடுத்து வருவார். அதனால் பயம் வேண்டாம்.

அடுத்தது லிஸ்ட். எங்கோ யாரோ ஐந்து ஆட்டமும் ஜெயித்த லிஸ்ட்டைப் பார்த்துவிட்டு அதையே கடன் வாங்கிக்கொண்டு போகாதீர்கள். பத்து தடவையாவது ஆடிய படை, ஒவ்வொரு பிரிவும் எத்தனை அங்குலம் நகரும், பகடையில் எத்தனை விழுந்தால் அடிக்கும் என்று புத்தகத்தைப் புரட்டாமல் சொல்ல முடிகிற படை, அதுதான் உங்கள் படை. ஏன் என்றால் கணக்கு இப்படி. ஆட்டத்துக்கு இரண்டே முக்கால் மணி நேரம் தருகிறார்கள் என்று வையுங்கள், 165 நிமிடம். அறிமுகம், படையை நிறுத்துவது என்று 25 நிமிடம் போனால் மீதி 140. ஆளுக்கு 70, அதை ஐந்தால் வகுத்தால் ஒரு டர்னுக்கு 14 நிமிடம். அவ்வளவுதான்! 120 காலாட்படைப் பொம்மைகளைக் கொண்டு போனால் ஒரு பொம்மைக்கு ஏழு விநாடி, அதுவும் பகடையை இன்னும் கையில் எடுக்காமலே. கூட்டமாகப் படை கொண்டுபோவது பார்க்க அழகுதான், எனக்கும் ஆசைதான், ஆனால் முதல் போட்டிக்கு அகலக்கால் வேண்டாம். போகும் முன் இரண்டு ஆட்டமாவது செஸ் கடிகாரம் வைத்து ஆடிப் பாருங்கள். கிங்ஸ் ஆஃப் வார்காரர்களுக்கு இது பழகிப்போன விஷயம், நமக்குத்தான் முதலில் கை நடுங்கும்.

கடிகாரத்துக்கு அடுத்து ஆளைக் கவிழ்ப்பது 'வந்துவிடும்' என்ற நம்பிக்கை. மேசைக்கு வெளியே ஒளித்து வைத்திருக்கும் படையை எதிரியிடமிருந்து 9 அங்குலத்துக்கு அப்பால் இறக்கி, அதே டர்னில் சார்ஜ் அடிக்கலாம், அதாவது இரண்டு பகடையின் கூட்டுத்தொகை எவ்வளவோ அவ்வளவு அங்குலம் ஓடிப்போய் மோதலாம் என்று திட்டம் போடுவோம். இரண்டு பகடையில் 9 அல்லது அதற்கு மேல் விழ வாய்ப்பு 36-க்கு 10, அதாவது 28 சதவீதம். மறுபடி உருட்ட ஒரு வாய்ப்பு இருந்தாலும் 48-ஐத் தாண்டாது. 7 வேண்டும் என்றால் 58. நண்பர்களோடு ஆடும்போது ஒரு தடவை விழுந்த 11 வருஷக்கணக்கில் நினைவிருக்கும், விழாத ஆறு தடவை மறந்துபோகும். விழாவிட்டால் அந்தப் படை எங்கே நிற்கும், அங்கே நின்றாலும் ஏதாவது உபயோகம் உண்டா என்று யோசித்துவிட்டு இறக்குங்கள்.

இந்த விளையாட்டில் இரண்டாவது ரவுண்டிலிருந்து யார் முதலில் ஆடுவது என்பதைப் பகடை தீர்மானிக்கிறது. அதனால் எதிராளிக்கு அடுத்தடுத்து இரண்டு டர்ன் கிடைத்துவிடலாம். இதைத் திட்டிப் பிரயோஜனமில்லை (நான் நிறையவே திட்டியிருக்கிறேன்). உங்கள் டர்னை முடிக்கும் முன் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: இப்போது அவர் இரண்டு முறை தொடர்ந்து வந்தால் எனக்கு என்ன மிஞ்சும்? மலிவான ஒரு பிரிவை முன்னால் குறுக்கே நிறுத்தி வைத்தாலே பாதிப் பிரச்சினை தீரும். அது சாவதற்கென்றே போகிற படை, அதற்காக வருந்தாதீர்கள்.

கொல்வதில் மயங்காதீர்கள் என்று சொன்னால் யாரும் கேட்பதில்லை, நானும் கேட்கவில்லை. ஒரு ஆட்டத்தில் என் டிராகன் மூன்று பிரிவுகளைத் துடைத்து எடுத்தது, பக்கத்து மேசைக்காரர்கள் வந்து வேடிக்கை பார்த்தார்கள், நான் தோற்றேன். அந்த நேரம் முழுக்க பிடித்து வைத்தால் புள்ளி தரும் இடங்களான அப்ஜெக்டிவ் மூன்றின் மேலும் எதிராளியின் எலிப்படை உட்கார்ந்துகொண்டு புள்ளி எடுத்தது. டர்ன் தொடங்கும்போதே இந்த டர்னில் எனக்கு எத்தனை புள்ளி, எங்கிருந்து வரும் என்று ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிவிட்டு அப்புறம் பொம்மையைத் தொடுங்கள்.

எதிராளியோடு வாய்விட்டுப் பேசுங்கள். தொடங்கும் முன், "உங்க படையில என்னைத் திகைக்க வைக்கிற விஷயம் என்ன?" என்று கேட்டால் முக்கால்வாசிப் பேர் சிரித்துக்கொண்டே சொல்லிவிடுவார்கள், நீங்களும் சொல்லுங்கள். சாய்ந்து நிற்கும் பகடையைத் திரும்ப உருட்டுவதா, மேசையில் வைத்திருக்கும் சுவர், கோபுரம் மாதிரி மறைப்புகளில் எது எப்படிக் கணக்கு என்பதை அப்போதே பேசி முடித்துவிடுங்கள். நகர்த்தும்போது நோக்கத்தைச் சொல்லுங்கள்: "இவங்களை உங்க குதிரைவீரர்கள் எட்ட முடியாத தூரத்துல நிறுத்தறேன், சரியா?" அவர் அளந்து சரி என்றுவிட்டால் பிறகு அரை அங்குலத்துக்குச் சண்டை வராது. அப்படியும் ஒத்துப்போகவில்லையா, ஒரு நிமிடத்துக்கு மேல் வாதாடாமல் நடுவரைக் கூப்பிடுங்கள். அது புகார் சொல்வதாகாது, அவர் இருப்பதே அதற்குத்தான். எதிராளி வேண்டுமென்றே மெதுவாக ஆடுவதாகத் தோன்றினாலும் அதே வழிதான், ஆனால் முதல் மணி நேரத்திலேயே கூப்பிடுங்கள். கடைசிப் பத்து நிமிடத்தில் சொன்னால் நடுவராலும் ஒன்றும் செய்ய முடியாது.

பெயிண்ட்டுக்குப் பல இடங்களில் மதிப்பெண் உண்டு, சில இடங்களில் பெயிண்ட் அடிக்காத பொம்மையை மேசையிலேயே வைக்க விடமாட்டார்கள். சுத்தமான மூன்று நிறம், பேஸ் முடித்திருக்க வேண்டும், பெரும்பாலும் இது போதும். வார்னிஷை மட்டும் முந்தின ராத்திரி அடிக்காதீர்கள். ஈரப்பதம் நிறைந்த ஒரு ராத்திரியில் அவசரமாக ஸ்ப்ரே அடித்து, காலையில் பார்த்தால் என் குதிரைப்படை மொத்தமும் பனி படிந்தது போல வெள்ளையாக நின்றது.

பையில் சூப்பர் குளூ, அங்குல டேப், இரண்டு நிறத்தில் பகடை, லிஸ்ட் அச்சிட்ட பிரதி இரண்டு மூன்று, தண்ணீர். பேஸுக்கு அடியில் காந்தம் ஒட்டி இரும்புத் தகடு போட்ட பெட்டியில் கொண்டுபோனால் எடுத்து வைக்கிற நேரம் மிச்சம். மேசைக்கு மேசை தூக்கிப்போக ஒரு தட்டும் வேண்டும். நாள் முழுக்க நிற்க வேண்டியிருக்கும், பழகிய செருப்பையோ ஷூவையோ போட்டுக்கொள்ளுங்கள்.

ஆட்டம் முடிந்ததும் புள்ளிகளை இருவரும் சேர்ந்து கூட்டிப் பார்த்துவிட்டு ஸ்கோரைக் கொடுங்கள். தோற்றிருந்தால் எந்த இடத்தில் ஆட்டம் கையை விட்டுப் போனது என்று அவரிடமே கேளுங்கள், நீங்கள் நினைத்த இடமாக அது இருக்காது. அப்புறம், மேசையை விட்டு நகரும் முன் பொம்மைகளை எண்ணுங்கள். என் மந்திரவாதி ஒருவர் யாரோ செய்த இடிந்த கோபுரத்துக்குள் இரண்டு ஆட்டம் தனியாக நின்றுகொண்டிருந்தார்.