சீனப் பொட்டலமும் முட்டு வருத்தமும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாரியில் மாங்குளத்திலிருந்து வந்த ஒரு தம்பி, தகப்பனின் முட்டு வருத்தத்துக்குக் கனடாவிலிருந்து வந்த சீன மூலிகைப் பொட்டலங்களை மேசையில் பரப்பினார். அதிலிருந்த எழுத்து அவருக்கும் விளங்கவில்லை, எனக்கும் விளங்கவில்லை. "மூலிகைதானே ஐயா, ஒன்றும் செய்யாது" என்றார். வைத்தியம் தொடங்கிய காலத்தில் நானும் இதையே சொல்லித் திரிந்தவன்.

மூச்சுக்கு இழுக்கும் பம்பை நிறுத்தாதீர்கள், சுருட்டை விடுங்கள் என்பதைக் கிளினிக்கிலேயே சொல்வார்கள். அதை விட்டுவிடுகிறேன்.

ஒரே வேரை இரண்டு பக்கத்தாலும் குடிப்பது

சீனக் கூட்டு மருந்துகள் பெரும்பாலானவற்றில் கான்ட்சாவ் என்ற வேர் இருக்கும். மற்றச் சரக்குகளை இணக்கிவைக்கும் என்று சேர்ப்பார்கள். அது அதிமதுர இனம்தான்.

என் பெரியம்மா நாற்பது வருடம் விறகடுப்புப் புகையில் சமைத்தவர். கிளினிக்கில் அவருக்குப் பம்ப், பிரெட்னிசலோன் என்ற ஸ்டீரொய்ட் குளிசை, கால் வீக்கத்துக்கு நீர் போகும் குளிசை. நான் சளி இளக அதிமதுரக் குடிநீர் கொடுத்தேன். மகன் அனுப்பிய சீனப் பொட்டலத்தையும் அவர் காலையும் மாலையும் அவித்துக் குடித்திருக்கிறார். நான் கேட்கவேயில்லை. மூன்றாம் கிழமை வீக்கம் கூடியது, பிரஷர் ஏறியது, கதிரையிலிருந்து எழும்பத் துடையில் பெலன் இல்லை. வருத்தம் முற்றுகிறது என்று நினைத்துக் குடிநீரைக் கூட்டினேன். இதயத் துடிப்பு தடுமாறி வாட்டில் படுத்த பிறகுதான் தெரிந்தது, இரத்தத்தில் பொட்டாசியம் மிகக் குறைவு.

அதிமதுரத்திலுள்ள கிளிசிரைசின், உடம்பிலுள்ள கார்ட்டிசோல் என்ற ஹோர்மோனைச் செயலிழக்கச் செய்யும் நொதியைத் தடுக்கிறது. அப்போது சிறுநீரகம் உப்பைப் பிடித்துவைத்துப் பொட்டாசியத்தை வெளியேற்றும். நீர் போகும் குளிசையும் பிரெட்னிசலோனும் பொட்டாசியத்தைக் குறைப்பவைதான். பம்பிலுள்ள சல்பியூட்டமோல், இரத்தத்தில் மிஞ்சியதையும் கலங்களுக்குள் தள்ளும். இத்தனையும் ஒரு வயதான உடம்பில்! கிளினிக் கொப்பியைப் பாராமல் அதிமதுரம் கொடுப்பவர்களைக் கண்டால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வருகிறது. இனிக்கும், தொண்டைக்கு இதம், சரி. அதற்காகக் கேளாமல் கொடுக்கலாமா?

மா ஹுவாங்

எபெட்ரின் உள்ள செடி. இதயத்தைப் படபடக்க வைக்கும். பம்ப் எடுப்பவருக்கு வேண்டாம்.

பெயர் தெரியாத காய், வேர்

சீனர் இருமலுக்குப் பயன்படுத்திவந்த மாடௌலிங் என்ற காய், நம்முடைய ஈஸ்வரமூலியின் இனம். அதிலுள்ள அரிஸ்டோலோக்கிக் அமிலம் சிறுநீரகத்தைக் கெடுக்கும், புற்றுநோயையும் உண்டாக்கும். 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் மெலிவதற்குச் சீன மூலிகை எடுத்த பெண்கள் பலருக்குச் சிறுநீரகம் பழுதானது. ஒரு வேருக்குப் பதிலாக இந்த இனத்து வேர் மாறிக் கலந்ததுதான் காரணம். மாறிக் கலந்ததை அவித்த பிறகு யார் கண்டுபிடிப்பது?

ஒரே இரவில் முட்டு வருத்தத்தை நிறுத்தும் தூள்

ஸ்டீரொய்ட் கலந்திருக்கலாம். கன நாள் எடுத்திருந்தால் திடீரென்று நிறுத்தாமல், தூளோடு டொக்டரிடம் போங்கள்.

மாங்குளத்துத் தம்பி பொட்டலத்தைப் படமெடுத்துக் கனடாவுக்கு அனுப்பி, சரக்குப் பெயர்களைக் கேட்டு எழுதிக்கொண்டு வந்தார். மூன்றாவது பெயர் கான்ட்சாவ். தகப்பனின் கொப்பியில் நீர் போகும் குளிசையும் இருந்தது. பொட்டலங்களைக் கட்டி அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தேன்.