டர்பனில் ‘ஜஸ்ட் நவ்’ என்றால் இப்போது இல்லை

போன வாரம் டர்பன் பக்கத்து டோங்காட்டிலிருந்து புதுப் பையன் போன் அடித்தான். திருநெல்வேலிப் பக்கத்துக்காரன், தென்னாப்பிரிக்காவுக்கு வந்து மூன்று மாதம்தான் ஆகிறது. “அண்ணே, கேஸ் சிலிண்டர் இப்ப வந்துரும்னுட்டாங்க. வெயிட் பண்றேன்.”

“அவங்க சொன்னதை வார்த்தை மாறாம சொல்லு.”

“ஜஸ்ட் நவ்னாங்க.”

“வண்டியை எடுத்துக்கிட்டு நீயே போய் வாங்கிட்டு வா.”

அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. பதினான்கு வருடத்துக்கு முன்னால் எனக்கும் புரியவில்லை. குளிர்பதன வேலைக்கென்று இங்கே வரும் பையன்கள் எல்லோரும் ‘நவ்’ என்ற அந்தச் சின்ன ஆங்கில வார்த்தையில்தான் வழுக்குகிறார்கள். சிக்னல் விளக்குக்கு ‘ரோபோ’ என்பதும், ‘பாவம்’ என்பதற்கு ‘ஷேம்’ என்பதும் ரெண்டு நாளில் தானே பழகிவிடும். அதையெல்லாம் விட்டுவிட்டு, ‘நவ்’வில் நாம் செய்யும் தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

ஊர் அர்த்தத்தைப் பெட்டியில் கட்டிக் கொண்டுவருவது

நம் ஊரில் ‘ஜஸ்ட் நவ்’ என்றால் ‘இப்பதான்’. “ஜஸ்ட் நவ் கிளம்பினார்” என்றால் ஆள் தெருமுனை தாண்டியிருக்க மாட்டார். இங்கேயும் நடந்து முடிந்ததைச் சொல்லும்போது அதே அர்த்தம்தான். நாம் ஏமாறுவதே அதனால்தான். ஆனால் இனி நடக்கப் போவதற்கு அதைச் சொன்னால் ‘அப்புறமா’ என்று பொருள். அரை மணி நேரமாகலாம், சாயங்காலமாகலாம், நடக்காமலே போகலாம். ஆப்பிரிக்கான்ஸ் மொழியில் ‘நெட் நோ’ என்று ஒன்று உண்டு. இப்பதான், கொஞ்ச நேரம் கழித்து என்று இரண்டு பக்கமும் வெட்டும். அதன் சாயல்தான் இங்குள்ள ஆங்கிலத்தில் படிந்திருக்கிறது.

இதற்காக அவர்களைப் பொய்யர்கள் என்று சொல்லாதீர்கள். குளியலறைக்குள் இருந்துகொண்டே “இதோ வந்துட்டேன்” என்று போனில் சொல்பவர்கள்தானே நாம்? வீட்டை விட்டுப் போகும்போதுகூட “வரேன்” என்றுதான் சொல்கிறோம்.

கேட்டதை மொழிபெயர்த்து அடுத்தவரிடம் சொல்வது

இந்த ஒரு தவறைத்தான் என்னால் இன்னும் ஜீரணிக்க முடியவில்லை. வந்த முதல் வருடம், ஜனவரி மாதச் சனிக்கிழமை. டர்பன் ஜனவரி நம் கடலோரச் சித்திரை மாதிரி, புழுக்கம் சட்டையைப் பிழிய வைக்கும். சாட்ஸ்வொர்த்தில் ஒரு கறிக்கடை. கோல்ட் ரூமில் ஃபேன் மோட்டார் எரிந்து, குளிரூட்டும் குழாய்ச் சுருள் முழுக்கப் பனிக்கட்டி. கம்ப்ரசரை நிறுத்திப் பனியைக் கரைய விட்டுவிட்டு, காலை பத்தரைக்கு ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போன் அடித்தேன். மோட்டார் இருக்கிறது, டிரைவரிடம் ஜஸ்ட் நவ் கொடுத்து அனுப்புகிறோம் என்றார்கள்.

கடைக்காரப் பெரியவர் எழுபதைத் தாண்டியவர். தன் பக்கியைப் பின்வாசலில் தயாராக நிறுத்தியிருந்தார். (பின்னால் சாமான் ஏற்றும் பிக்கப் வண்டிக்கு இங்கே பக்கி என்று பெயர். முதல் நாள் என்னைத்தான் யாரோ திட்டுகிறார்கள் என்று நினைத்தேன்.) ஃபீனிக்ஸில் மைத்துனர் கடை இருக்கிறது, கறியை அங்கே மாற்றிவிடட்டுமா என்று கேட்டார். நான் தைரியமாகச் சொன்னேன்: “நோ அங்கிள், இட் இஸ் கமிங் நவ்.”

பாருங்கள், ‘ஜஸ்ட்’ போய்விட்டது. எனக்கு அது வெறும் அலங்காரம்.

அவர் பக்கியைத் திருப்பி முன்னால் நிறுத்திவிட்டு வியாபாரத்தைப் பார்த்தார். சனிக்கிழமை கூட்டம், கதவு திறந்து மூடியபடியே இருந்தது. கறி நாலு டிகிரியைத் தாண்டாமல் இருக்க வேண்டும். பன்னிரண்டு மணிக்குப் பார்த்தால் உள்ளே பதினொரு டிகிரி. மறுபடி போன் அடித்தேன், மறுபடி அதே ஜஸ்ட் நவ். ஒரு மணிக்கு ஸ்பேர் கடை ஷட்டர் இறங்கிவிட்டது. மோட்டார் திங்கட்கிழமைதான் வந்தது. மூன்று மணிக்குப் பெரியவர் கறியைத் தொட்டுப் பார்த்தார், முகர்ந்து பார்த்தார், தலையை ஆட்டினார். ஆட்டுக்கறி மட்டும் அறுபது கிலோவுக்கு மேல். கோழி தனி.

அவர் கத்தவில்லை. “அவன் ‘ஜஸ்ட் நவ்’ என்றானா? அதை ஏன் என்னிடம் சொல்லவில்லை?” என்று மட்டும் கேட்டார். சொல்லியிருந்தால் அந்த நிமிடமே கறியை ஏற்றியிருப்பார். பிறந்ததிலிருந்து அந்த வார்த்தையைக் கேட்டு வளர்ந்தவர். நடுவில் நின்று அதைத் திருத்தி விற்றவன் நான்தான். முதலாளி நாலு மாதம் சம்பளத்தில் பிடித்தார். அதைவிட, இனி வேறு ஆளை அனுப்புங்கள் என்று பெரியவர் சொன்னதுதான் உறைத்தது.

‘நவ் நவ்’ என்றால் இன்னும் அவசரம் என்று நினைப்பது

சீக்கிரம் சீக்கிரம் என்று இரட்டித்தால் நமக்கு வேகம் கூடும். இங்கே ‘நவ் நவ்’ என்றால் கொஞ்ச நேரத்தில் என்று அர்த்தம். ஜஸ்ட் நவ்வை விடச் சீக்கிரம், அவ்வளவுதான். டீ போட்டுக் குடிக்க நேரம் இருக்கும். உடனே நடக்க வேண்டியதற்கு ‘ரைட் நவ்’ என்று சொல்லுங்கள்.

நாமே அதைச் சொல்லி வைப்பது

“ஐ வில் கம் ஜஸ்ட் நவ்” என்று சொல்லிவிட்டுப் பத்து நிமிடத்தில் போய் நின்றால், வாடிக்கையாளர் கடைக்கோ மகள் வீட்டுக்கோ கிளம்பிப் போயிருப்பார். பூட்டிய கேட்டுக்கு வெளியே நின்று அவர்மேல் கோபப்பட்டு என்ன பயன்?

பெயரைப் பார்த்து மயங்குவது

கவுண்டர் இங்கே கோவெண்டர், முதலி மூட்லி. ஆளைப் பார்த்தால் நம் மாமா மாதிரியே இருப்பார், கழுத்தில் துளசி மாலைகூட இருக்கும். ஆனால் 1860இல் சென்னையிலிருந்து நம் ஆட்களை ஏற்றிக்கொண்டு முதல் கப்பல் வந்ததிலிருந்து எத்தனையோ தலைமுறை கடந்துவிட்டது. இன்று பெரும்பாலானோர் வீட்டில் பேசுவது ஆங்கிலம், அதுவும் இந்த ஊர் ஆங்கிலம். அவர் சொல்லும் நவ் நம் மாமா சொல்லும் நவ் இல்லை.

எரிச்சலில் குரலை உயர்த்துவது

இன்னொரு ஜஸ்ட் நவ் கிடைக்கும்.

மணி கேட்காமல் போனை வைப்பது

“எத்தனை மணிக்கு?” என்று கேளுங்கள். “டிரைவர் கிளம்பிவிட்டாரா?” என்றும் கேளுங்கள். கிளம்பிவிட்டார் என்றால் டிரைவரின் நம்பரை வாங்குங்கள். அந்தத் திருநெல்வேலிப் பையன் நேற்று நம்பர் வாங்கியிருக்கிறான். டிரைவருக்கே போன் போட்டுக் கேட்டானாம். அவரும் ஜஸ்ட் நவ் என்றாராம்.